காதர் பாயின் ஃபார்மிக் அமிலம்

பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரியில் முதல் வகுப்பு என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. அறுபதுகளின் கடைசியில் பல்லாவரத்தில், தோல் பதனிடும் ஒரு தொழிற்சாலையில் பரிசோதகனாக இருந்தேன்.

எங்களுக்கு ஃபார்மிக் அமிலம் கொண்டுவருபவர் காதர் பாய். ஒருநாள் அவர் சரக்கையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் ஒரே செறிவுக்குக் கரைத்து, அமிலத்தின் கடுமையை நிறத்தால் காட்டும் பி.எச். தாளை இரண்டிலும் நனைத்தேன். நல்ல சரக்கென்றால் நிறம் ஒத்துப்போகும் என்பது என் கணக்கு. அவருடையதில் சிவப்பு மங்கலாக இருந்தது. சோதனைப் புத்தகத்தில் 'கலப்படம்' என்று எழுதிவிட்டு, ஆட்கள் முன்னாலேயே கேட்டேன்:

"பாய், எவ்வளவு தண்ணி கலந்தீங்க?"

அவர் முகம் கறுத்தது. "பேப்பரைப் பாத்துட்டு திருடன்னு சொல்றீங்களே சார். காஸ்டிக் சோடா ஊத்தி அளந்து பாத்துட்டு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவரை மடக்கத்தான் அளந்தேன். இரண்டு அமிலங்களையும் முறிக்க ஒரே அளவு சோடாதான் ஆனது. ஃபார்மிக் போன்ற வீரியம் குறைந்த அமிலம் தன் ஹைட்ரஜனில் கொஞ்சத்தைத்தான் வெளியே விடும்; தாள் காட்டுவது அதை மட்டும்தான். காஸ்டிக் சோடா போன்ற காரம் அதை எடுக்க எடுக்கச் சமநிலை நகர்ந்து, மிச்சத்தையும் கொடுத்துவிடும். பரீட்சையில் இதை எழுதித்தான் முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

சரக்கு சுத்தம்தான், பாயிடம் மன்னிப்பு கேட்க வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். "சப்ளையர்கிட்ட மன்னிப்பு கேட்டா நம்ம மரியாதை என்ன ஆவறது? விடுய்யா" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் விட்டேன். காதர் பாய் அப்புறம் எங்கள் கேட்டுக்குள் வரவேயில்லை. சோதனைப் புத்தகத்தில் நான் எழுதிய 'கலப்படம்' என்ற சொல்லை அடிக்க ஒரு நொடி போதும். மேனேஜரை இன்றும் திட்டுகிறேன். ஆனால் பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது.