ஓர்க்கேவுக்கு ஆங்கிலத்தில் என்ன?

நார்வேக்காரர்களிடம் ஓர்க்கே என்றொரு வினைச்சொல் இருக்கிறது. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை அதை வைத்தே பிழைப்பை ஓட்டிவிடலாம். படியேற ஓர்க்கே இல்லை, சாப்பிட ஓர்க்கே இல்லை, போனில் யாரோடும் பேச ஓர்க்கே இல்லை, இந்தப் பனியை இன்னும் ஒரு மாதம் பார்க்க ஓர்க்கே இல்லை. உடம்பில் தெம்பில்லை, மனசு வரவில்லை, சகிக்கவில்லை எல்லாம் அதற்குள் அடக்கம். தமிழில் என்றால் 'முடியல' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். என் தலையெழுத்து, அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த நாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடம் நர்ஸாக இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஆம்பூருக்குத் திரும்பினேன். அம்மா முன்பே போய்விட்டாள். நான் ஒரே பிள்ளை. என் இடத்தைக் கோடை முடியும்வரை வைத்திருப்பதாக இல்லத்தில் சொல்லியிருந்தார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரும் ஒரு வழி சொன்னார். அப்பா துணையில்லாமல் தெருமுனைவரை போய் வந்துவிட்டால் நான் தாராளமாகக் கிளம்பலாம். சாப்பாட்டுக்கு அடுத்த தெருவில் அத்தை, அப்பாவின் தங்கை, இருக்கிறாள். ஆக, நான் போவதும் இருப்பதும் அப்பாவின் இடதுகாலைப் பொறுத்தது.

எனக்குப் போக வேண்டும். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது. 'எப்ப வந்த, எவ்ளோ சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆவல' என்று யாரும் கேட்காத தெருக்கள் எனக்குப் பிடித்திருந்தன.

இங்கே இருக்கும் நாட்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை எடுத்துக்கொண்டேன். அப்போது வந்தது ஒரு நார்வேக் கிழவியைப் பற்றி, அவர் இருக்கும் முதியோர் இல்லத்தில் எழுதிவைத்த அன்றாடக் குறிப்புகள். கனடாவில் வளர்ந்த பேத்திக்கு அந்த மொழி தெரியாது, ஆங்கிலத்தில் வேண்டும். மதியச் சாப்பாடு, ஓர்க்கே இல்லை. நடை, ஓர்க்கே இல்லை. நான் 'முடியவில்லை' என்று பொருள்பட எழுதி அனுப்பினேன். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பினார்: முடியவில்லையா, மறுத்துவிட்டாரா? பேத்தி கேட்கிறாராம்.

எனக்கு எப்படித் தெரியும்? அந்த இல்லங்களில் அப்படிக் குடைவதில்லை. ஓர்க்கே உண்டா என்று ஒரு முறை கேட்போம். இல்லை என்றால் போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கதவைச் சாத்துவோம். போன புதிதில் ஒரு பெரியவரை 'இன்னும் ஒரு வாய்' என்று கெஞ்சி ஊட்டப் பார்த்தேன். மேற்பார்வையாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, அவர்தான் சொல்லிவிட்டாரே என்றார். மரியாதை என்றால் என்ன என்பதை அன்று கற்றுக்கொண்டதாக நினைத்தேன். அதே மரியாதையை அப்பாவுக்கும் கொடுத்தேன்.

"நடக்கலாமாப்பா?"

"முடியலம்மா."

"சரிப்பா."

தினமும் காலையில் இவ்வளவுதான். அவர் கட்டிலில், நான் லேப்டாப்பில். கால் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அத்தை ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருக்கிறாள். வாரநாட்களில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் தூக்குவாளியை வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஒரு லீவு நாளில் உட்கார்ந்து எங்கள் காலைப் பேச்சைக் கேட்டாள்.

"இன்னா, அப்டியே உட்டுட்ட?"

"முடியலன்னு சொல்றாரு அத்த."

"சொல்லுவாரு. பந்தில ஒக்காந்தவன் போதும்னா சோத்து வாளியத் தூக்கினு போய்டுவியா? ஒரு தபா கேட்டா கேட்ட மாதிரியா?" என்றவள் அப்பா பக்கம் திரும்பினாள். "ண்ணா, ஏந்திரு."

"முடியல."

"ஏந்திருன்றேன்."

"முடியலன்றேன்ல, பேஜார் பண்ணாத."

"செருப்ப மாட்டு."

அப்பா காலை நீட்டினார். அவ்வளவு சீக்கிரம் நீட்டினார் என்பதுதான் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் நான் இரண்டாவது தடவை கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறார். சுவரைப் பிடித்து வாசல்வரை போனவர், இம்சை இம்சை என்று தங்கையைத் திட்டிக்கொண்டே திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு களை. "கெஞ்சினா மிஞ்சுவாரு, மிஞ்சினா கெஞ்சுவாரு. எங்கண்ணன எனக்குத் தெரியாதா?" என்று அத்தை வாளியைக் கழுவப் போனாள்.

மறுநாளிலிருந்து நானும் ஊர் வழக்கத்துக்கு வந்தேன். அவர் இரண்டு முறை மறுப்பார், மூன்றாவது முறை செருப்பைத் தேடுவார். சில நாள் மூன்றாவதும் மறுப்பாகவே இருக்கும், அன்று விட்டுவிடுவேன். வாசல், பக்கத்து வீட்டு மாமரம், கம்பெனி பஸ்ஸுக்குப் பெண்கள் நிற்கும் இடம் என்று ஒவ்வொன்றாகத் தாண்டினார். மாம்பழம் மலிவாகிற சமயத்தில் தெருமுனை டீக்கடைக்குத் தனியாகவே போய், எனக்கு ஒரு பன்னும் வாங்கி வந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம் அவருக்காக எவ்வளவு, டிக்கெட்டுக்காக எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவில்லை.

அந்த வாரமே கிழவியின் குறிப்புகளையும் முடித்தேன். 'ஃபீல் அப் டு' என்று ஆங்கிலத்தில் ஒரு வழுக்கலான பிரயோகம் இருக்கிறது. முடியாததா, மனமில்லாததா என்று காட்டாது, யார் மேலும் பழி போடாது. எல்லா இடத்திலும் அதையே போட்டேன். கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: அங்கே ஒரு முறைதான் கேட்பார்கள். பேத்திக்கு என்ன புரிந்ததோ தெரியாது.

கோடை முடிய இருந்த ஒரு சாயங்காலம் அப்பாவும் நானும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"டாக்டர் சொன்னாப்ல தெருமுன வரிக்கும் வந்துட்டேன். நீ கெளம்பறியாம்மா?"

"இல்லப்பா. உன்ன உட்டுட்டு எங்க போறது?" என்றேன்.

அது முதல் மறுப்பு. அதற்குரிய மரியாதைக்குச் சொன்னது. இன்னொரு தரம் கேட்டால் 'பாக்கலாம்ப்பா' என்பேன். மூன்றாவது தரம் தேதியைச் சொல்லிவிடுவேன். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவர்களைச் சாப்பிடச் சொல்லி வாசல்வரை போய்க் கையைப் பிடித்து இழுக்கிற மனுஷன். ஷிப்ட் முடிந்த பஸ் வந்து பெண்களை இறக்கிவிட்டுப் போயிற்று. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்னொரு தரம் கேளுப்பா என்று வாய்வரை வந்தது. கிளாஸை வைத்துவிட்டு எழுந்தோம். வரும்போது கைவீசி வந்தவர், திரும்பும்போது வீடுவரை என் தோளைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.