குடைத்துணி அங்கி

போன வாரம் தபாலில் ஒரு பொட்டலம் வந்தது. பிரித்ததும் அறையெங்கும் பழைய குடையின் வாசனை. அருளப்பனின் மகள் அனுப்பியிருந்தாள். "அப்பா பெட்டியில் இருந்தது. உங்களுடையது என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறார்." என்னுடையதுதான். இரண்டு குடைகளைப் பிரித்து அவனே தைத்த வக்கீல் அங்கி. கம்பித் துளைகளோடு கூடிய அங்கி வேறெந்த வக்கீலுக்கும் வாய்த்திருக்காது.

வெள்ளைக்காரர் ஆட்சியில், கொல்லிமலையின் ஒரு மிஷன் பள்ளியில் நாங்கள் இருவரும் வாத்தியார்கள். நான் சேந்தமங்கலத்திலிருந்து நடந்தே மலையேறியவன்; அவன் மலையிலேயே பெரக்கரை நாட்டில் பிறந்து, ஞானஸ்நானத்தில் பெயர் மாறியவன். பள்ளியை நடத்திய துரைக்கு, ஆலயத்தில் ஒரு போலி வழக்கு நடத்தினால் மலைக்காரர்களுக்கு நீதியின் அருமை விளங்கும் என்று தோன்றிற்று. அதற்கு முன் அவர்கள் நீதியில்லாமல் எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

குற்றவாளி, மனிதனின் நாக்கு. துரை நீதிபதி, நான் அரசாங்க வக்கீல், சிவப்புச் சேலை சுற்றிய அருளப்பன் நாக்கு.

"எல்லாத்துக்கும் இல்லீங்கன்னே சொல்லோணுமாப்பா?" என்றான், வசனம் எழுதும்போது.

"நீ மறுத்தாத்தான நான் நிரூபிக்க முடியும்?"

"நெச நாக்கா இருந்தா ஒண்ணையாவது ஒத்துக்கும்."

அந்த மாதத்தில்தான் அவன் அக்காளின் ஊரில் சாமி கும்பிட்டார்கள். இருவரும் போனோம். படைத்த கிடாக்கறியை இருவரும் தின்றோம். நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன். மிஷனில் அது வேலையைப் பறிக்கும் குற்றம். செய்தி எட்டியதும் துரை அவனை விசாரித்தார். தின்றதை ஒப்புக்கொண்டான், உடன் வந்தவனைப் பற்றி வாய் திறக்கவில்லை. என்னை விசாரித்தார். அந்த ஊருக்கு வழியே தெரியாது என்றேன். நானும் ஒப்புக்கொண்டிருந்தால், இருந்த இரண்டு வாத்தியார்களையும் ஒருசேர நீக்கப் பள்ளியால் முடிந்திருக்காது. அது எனக்கு அப்போதே தெரியும். நாக்கின் வழக்கு முடியட்டும், பிறகு முடிவு சொல்கிறேன் என்றார் துரை.

வழக்கன்று ஆலயம் நிறைந்திருந்தது. ஜூரிகளாக மிளகுத் தோட்டக்காரர்கள். அவர்கள் நடுவே, ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்லும் ஊர்க்கவுண்டர். மூன்றாம் கேள்வி: "பொய் சொன்னாயா?"

"சொன்னேனுங்க," என்றான் அருளப்பன், என்னைப் பார்த்து. பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுதிய வசனத்தில் அது இல்லை.

ஊர்க்கவுண்டர் எழுந்தார். "உழுந்து ஒத்துக்கிட்டாருல்லீங்க, வழக்கு தீந்துது. வாத்தியாரே, கையக் குடுத்துத் தூக்குங்க."

மலைப் பஞ்சாயத்தின் வழக்கம் அது: விழுந்தவனை, வழக்குச் சொன்னவனே தூக்கி நிறுத்த வேண்டும். என் கையிலோ இன்னும் நான்கு பக்கம் கேள்விகள் இருந்தன. துரையைப் பார்த்தேன்.

"தூக்கலீன்னா தப்பு உங்க பேருக்கு மாறீருமுங்க சாமி," என்றார் கவுண்டர். எல்லோரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தார். நான் நான்காம் கேள்வியைப் படித்தேன். தரையில் கிடந்தபடியே நாக்கு ஒவ்வொன்றுக்கும் "இல்லீங்க" என்று ஒழுங்காக மறுத்தது.

முடிந்ததும் தானே எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டான். "நல்லாத்தான் பேசுன," என்று என் அங்கியை வாங்கி மடித்தான். அடுத்த திங்கட்கிழமை அவனுக்கு வேலை இல்லை. நாவடக்கம் குறித்த என் வாதத்தைத் துரை வெகுவாகப் பாராட்டினார். பிற்பாடு நான் தலைமையாசிரியரும் ஆனேன். அவன் சேந்தமங்கலத்தில் ஒரு மிளகு மண்டியில் கணக்குப்பிள்ளையானான். வாழ்நாள் முழுதும் சந்தித்துக்கொண்டோம். அந்த வழக்கைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் நாவடக்கம் உள்ளவன்.

பள்ளி இப்போது இல்லை. ஆலயம் நின்ற இடத்தில் மிளகுக்கொடி. வழக்கென்றால் பஸ் ஏறி நாமக்கல் கோர்ட்டுக்கு இறங்கிவிடுகிறார்கள். அங்கே யாரும் யாரையும் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை.

போன மாதம் அருளப்பனின் அடக்கத்துக்குப் போயிருந்தேன். சவப்பெட்டியை எடுக்கும் நேரத்தில் கிட்டே போய்க் கையை நீட்டினேன்.

"வேண்டாமுங்க அப்புச்சி, நாங்க தூக்கிக்கறம். நீங்க தள்ளி நில்லுங்க," என்றான் அவன் பேரன்.

தள்ளி நின்றேன்.