மேஜைக்கு ஈரம் ஆகாது

ஒட்டடைக் குச்சியை வைத்துத்தான் தம்பி முதலில் அளந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். குச்சியோடு உள்ளே வந்தவன் என் கட்டிலைச் சுற்றி வந்தான். ஒவ்வொரு பக்கமும் நின்று இடுப்பை வளைத்து, ஒரு கண்ணை மூடி, குச்சியை என் பாதத்துக்கு நேராக நீட்டி, முழங்கையைப் பின்னுக்கு இழுத்தான். மூன்றாவது பக்கத்தில் முழங்கை சுவரில் நங்கென்று இடித்தது. கையை உதறிக்கொண்டு துள்ளினான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

"என்னடா கூத்து இது?"

"பூல் டேபிள் போட்டா எப்பிடி இருக்கும்னு பாக்கறனுங்க்கா. டேபிளச் சுத்தி நாலு பக்கமும் ஒரு ஸ்டிக் நீளத்துக்கு எடம் வேணுமாமா."

"போடறதுன்னா எங்க? இங்கயா?"

"சும்மாதானுங்க்கா பாக்கறேன்."

எங்கள் வீட்டில் யாராவது சும்மா என்று சொன்னால் காரியம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

வீடு குன்னூரில், ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகிற சரிவில் இருக்கிறது. அப்பா கட்டியது. ரோட்டுப் பக்கம் மூன்று அறைகள். அதற்குக் கீழே சமையலறை, ஸ்டோர் ரூம், கடைசியாகத் துருத்திக்கொண்டு தகரக் கூரை போட்ட என் அறை. ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. நானாக வேண்டாம் என்றேனா, யாரும் வரவில்லையா என்பதெல்லாம் பழைய கதை. அப்பா போவதற்கு முன்னால் தம்பியைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அந்தக் கடைசி ரூமு அக்காளுக்கு, அவ இருக்கற வரைக்கும்" என்றார். தம்பி தலையை ஆட்டினான். வீட்டை அவன் பெயருக்கு எழுதினார், அறையை எனக்கு வாயால் கொடுத்தார். இந்த மலையில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு அறைதான்.

நான் பஜாரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க நிற்கிற வேலை. கோடையில் எங்கள் கடையில் அதிகம் விற்பது வாந்தி மாத்திரை. மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, முகம் வெளுத்து, கையில் பாலிதீன் பையோடு இறங்குகிறவர்களை நம்பித்தான் எங்கள் ஊர் பிழைக்கிறது. ஏப்ரலும் மேயும் சீசன். அந்த இரண்டு மாதம் இங்கே பல வீடுகளில் சொந்த அறையைக் காலி செய்து வாடகைக்கு விட்டுவிட்டுச் சமையலறையில் பாய் விரித்துக்கொள்வார்கள். நாங்களும் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நம் கட்டிலில் யாரோ படுப்பார்கள், நம் கண்ணாடியில் யாரோ ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டுப் போவார்கள். ஜூன் மழை பிடித்ததும் வீடு நமக்குத் திரும்பி வரும். அதனால் "சீசன் முடியட்டும்" என்று ஒருவர் சொன்னால் எங்கள் ஊரில் அது சத்தியம் செய்ததற்குச் சமம். பெண் பார்ப்பது, பல் பிடுங்குவது, பங்காளிச் சண்டை எல்லாமே சீசன் முடிந்துதான்.

தம்பி டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறான். மேலே இருக்கும் மூன்று அறைகளில் இரண்டை ஹோம்ஸ்டே ஆக்கி நெட்டில் போட்டிருந்தான். மூன்றாவதில் அவனும் மனைவியும். சரிவில் எங்களுக்குக் கீழே இன்னொரு ஹோம்ஸ்டேயில், குச்சியால் பந்தை இடித்துக் குழியில் தள்ளுகிற அந்தப் பூல் டேபிள் வந்துவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் அங்கே போகிறார்கள் என்று அவன் புலம்பாத நாள் இல்லை.

"மழை புடிச்சா வெளிய போக முடியறதில்லீங்க்கா. ரூமுக்குள்ள ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு ஒக்காந்திருந்துட்டு, நெட்டுல நமக்கு ஸ்டாரக் கொறைச்சுப் போட்டுட்டுப் போயிடறாங்க. சீசனுக்கு மட்டும் உங்க ரூமக் குடுங்க்கா. சீசன் முடியட்டும், எடுத்தரலாம்."

சரி என்றேன். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. எப்படியும் வருஷா வருஷம் விட்டுக்கொடுக்கிற அறைதானே.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. என் தகரக் கூரை ஆறு, ஏழு வருஷமாக ஒழுகியது. மழைக்காலம் முழுக்கக் கட்டில் பக்கத்தில் ஒரு வாளி இருக்கும். எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. ஆள் கிடைக்கவில்லை, வெயில் வரட்டும், மழை நிற்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு பதில். மார்ச் மாதம் ஒரு காலையில் இரண்டு பேர் கூரை மேல் ஏறி நின்று தகரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"டேபிள் மேல பச்சைத் துணி போட்டிருக்குமுங்க்கா. ஒரு சொட்டு உளுந்தாக்கூடப் போச்சு" என்றான் தம்பி. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாருக்காகச் செய்தால் என்ன, ஜூன் மாதம் வாளி வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

சுவர் அலமாரி ஸ்டிக்கை இழுக்க இடைஞ்சல் என்று அதைப் பெயர்த்தார்கள். என் துணிமணி, பழைய போட்டோக்கள், அம்மாவின் குங்குமச் சிமிழ் எல்லாம் கடையிலிருந்து நான் கொண்டுவந்த இரண்டு மருந்து அட்டைப் பெட்டிகளுக்குள் அடங்கிவிட்டன. ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளையின் சொத்து இரண்டு இருமல் மருந்துப் பெட்டிக்குள் அடங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மேஜை கோயம்புத்தூரிலிருந்து வந்தது. அங்கே மூடிப்போன ஒரு விளையாட்டுக் கூடத்தின் பழைய மேஜை. கால்கள் தனி, ஓரச் சட்டங்கள் தனி. ஆனால் நடுவில் துணிக்கு அடியில் இருக்கிற கல் பலகை ஒரே கல். கருங்கல் நிறத்தில் ஆறேழு அடி நீளம். சுமை தூக்குகிறவர்கள் அதை ரோட்டிலிருந்து படியில் இறக்குவதற்குள் சாமி பெயரையும் கெட்ட வார்த்தையையும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். சமையலறை தாண்டி என் அறைக் கதவுக்கு வந்ததும் நின்றுவிட்டது. நடை குறுகல், கல்லைத் திருப்ப வழியில்லை. நிமிர்த்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், கதவு நிலையைச் செதுக்கிப் பார்த்தார்கள். கல் அசையவில்லை. கடைசியில் நிலையைச் செதுக்க வந்த தச்சர்தான், ஜன்னலை எடுத்து, அதற்குக் கீழே சுவரை உடைத்தால் தோட்டத்துப் பக்கமாக உள்ளே தள்ளிவிடலாம் என்றார்.

சுவர் உடைந்து கிடக்கும்போது அங்கே படுக்க முடியாது. எங்கள் பக்கம் கரடி வரும். எண்ணெய் வாசனைக்குச் சமையலறைக் கதவையே பெயர்த்த கரடி உண்டு.

"ரெண்டே நாளுங்க்கா, ஸ்டோர் ரூமுல படுத்துக்குங்க" என்றான். அரிசி மூட்டைக்கும் உருளைக்கிழங்குக் கூடைக்கும் நடுவில் என் கட்டிலைப் போட்டார்கள். போட்டதும் நடக்க இடமில்லை. கால் பக்கமாக ஏறித்தான் படுக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மாலை வேலை முடிந்து வந்தேன். மேஜை அறைக்குள் ஏறி நின்றிருந்தது. கொத்தனார் உடைத்த இடத்தைக் கட்டி முடித்து, சிமெண்டைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டிருந்தார். தம்பி மேஜைக் காலைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொத்தனாரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, சீசன் முடிஞ்சதும் இத எப்பிடீங்க வெளிய எடுக்கறது?"

அவர் சிரித்தார். "எடுக்கறதாங்கம்மா? எடுக்கறதுன்னா எதுக்குச் செவுத்த அடைச்சுப் பூசச் சொல்றாங்க? இது இனி இங்கதானுங்க. ஊடு இடிஞ்சாத்தான் வெளிய வரும்."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் காதில் விழுந்தது. துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு நிமிஷம் நின்று, மறுபடியும் துடைக்க ஆரம்பித்தது. என் பக்கம் திரும்பவில்லை. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். பிடாரியாவது வாய் திறந்து சண்டை போட்டிருக்கும். இங்கே ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என் தம்பி என்னிடம் பொய் சொன்னானா, இல்லை அவனே யோசிக்காமல் இருந்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யோசிக்கவே இல்லை என்றால் அதுதான் எனக்கு அதிக வலி.

சீசன் வந்தது. அறைக்குள் கூரையிலிருந்து தொங்குகிற மாதிரி பெரிய விளக்கு போட்டார்கள். நான் இருந்தவரை அங்கே ஒரு மங்கல் பல்பு. அவ்வளவு செய்தும் ஜன்னல் பக்கம் ஸ்டிக்கை இழுக்க இடம் பற்றவில்லை. அந்தப் பக்கத்துக்கு மட்டும் குழந்தைகள் விளையாடுகிற மாதிரி ஒரு குட்டி ஸ்டிக் வாங்கி வைத்தான். விளையாட வந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருப்பேன். பந்தோடு பந்து மோதுகிற சத்தமும், அவர்கள் கைதட்டுவதும் கேட்கும். தம்பி மனைவி நல்லவள்தான். "ஸ்டோர் ரூமு அடுப்புக்குப் பக்கமுங்களே அண்ணி, கதகதன்னு இருக்குமுங்க" என்பாள். அடுப்பு கேஸ் அடுப்பு. அது என்ன கதகதப்பைக் கொடுக்கும்?

ஜூனில் மழை பிடித்தது. விருந்தாளிகள் குறைந்தார்கள். நான் அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"சீசன் முடிஞ்சுது தம்பி."

அவன் புரையேறின மாதிரி தண்ணீர் குடித்தான். "ஆமாங்க்கா. ஆனா அத எங்கீங்க்கா வெக்கறது?"

மேஜையை எங்கே வைப்பது என்று அவனுக்கு உண்மையிலேயே கவலை. என்னைப் பற்றி அந்தக் கவலை இல்லை, என்னைத்தான் ஏற்கெனவே வைத்தாயிற்றே.

ஜூலையில் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. துவைத்த துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். எனக்கு முழங்கால் இரண்டும் மரத்துவிடும். இரண்டு குளிர்காலமாக ஒரு ஹீட்டர் கேட்டுக்கொண்டிருந்தேன். என் சம்பளத்திலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். "பழைய வயருங்க்கா, லோடு தாங்காது, ஊடே பத்திக்கும்" என்று பயமுறுத்தி வைத்திருந்தான். அந்த ஜூலையில் பச்சைத் துணி ஈரம் வாங்கி, பந்து ஓடாமல் பாதியில் நிற்க ஆரம்பித்தது. மறு வாரமே எலக்ட்ரீஷியன் வந்தார். மீட்டரிலிருந்து தனியாகப் புது வயர். மேஜைக்கு அடியில் ஒரு ஹீட்டர், பகல் முழுக்க எரியும்.

குளிர் தாங்காமல் ஒன்றிரண்டு தடவை அங்கே போய் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தம்பி மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "கதவச் சாத்திக்குங்க அண்ணி, ஈரம் ஏறிக்கும்" என்றாள். எனக்கு என்று நினைத்தேன். அவள் கண் துணி மேல் இருந்தது.

ஒருநாள் எனக்கு மூக்குக்கு மேல் வந்தது. வேலைக்கு லீவு சொன்ன நாள், கால் வீங்கியிருந்தது. போய் ஹீட்டரைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஸ்டோர் ரூமில் என் கால்மாட்டில் வைத்துப் போட்டுவிட்டேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். கண் விழித்தபோது தம்பி வாசலில் நின்றிருந்தான். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவன் திட்டவில்லை.

"மேஜைக்கு ஈரம் ஆகாதுங்க்கா" என்றான், கெஞ்சுகிற குரலில்.

"எனக்கு ஆகுமாடா?"

கீழே குனிந்து பிளக்கைப் பிடுங்கினான். சூடு ஆறட்டும் என்று சற்று நேரம் என் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தான். இருவரும் உருளைக்கிழங்குக் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு தூக்கிக்கொண்டு போய்விட்டான். அடுத்த நாள் வெந்நீர்ப் பை ஒன்று வாங்கி வந்து கொடுத்தான். அட்டையில் இருந்த விலைச் சீட்டு எங்கள் கடையுடையது. நான் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து வந்து வாங்கியிருக்கிறான்.

அதற்குள் தங்க வந்தவர்களின் பிள்ளைகள் மேஜைத் துணி மேல் டீயைக் கொட்டிவிட்டார்கள். தம்பி கதவுக்குப் பூட்டு போட ஆள் கூட்டி வந்தான். அந்தக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்று நான் வயசுப் பெண்ணாக இருந்த காலத்திலிருந்து கேட்டிருக்கிறேன். சீசனில் முன்பின் தெரியாத ஆட்கள் நடமாடுகிற வீடு. "நம்ம ஊட்டுல யாரு வரப்போறா" என்றார் அப்பா, பிறகு அதையே தம்பியும் சொன்னான். இப்போது பித்தளைக் கைப்பிடியோடு புதுப் பூட்டு. ஒரு சாயங்காலம் சாவியை என் கையில் கொடுத்தான்.

"சின்னப் பசங்க யாரும் உள்ள போகாமப் பாத்துக்குங்க்கா. இருட்டுனதும் பூட்டிட்டுச் சாவிய நீங்களே வெச்சுக்குங்க. உங்க ரூமுதானுங்களே."

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். கிண்டல் இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னான். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

இப்போது தினமும் அதுதான் என் வேலை. கடையிலிருந்து வந்ததும் உள்ளே போய், பந்துகளைப் பெட்டியில் அடுக்கி, துணிக்கு மேல் உறையை இழுத்து மூடுவேன். ஜன்னல் கொக்கியைப் பார்ப்பேன். அந்த அறையில் இப்போது ஒழுகல் இல்லை, வெளிச்சம் இருக்கிறது, கதவுக்குப் பூட்டு இருக்கிறது. ஹீட்டரைக் குறைத்து வைத்துவிட்டு, வெளியே வந்து, கதவைச் சாத்திப் பூட்டுவேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பைக்கு வெந்நீர் வைக்கச் சமையலறைக்குப் போவேன்.