அக்காவும் நடு ஆற்றில் நின்ற இஞ்சினும்

அக்காவின் கருமக்கிரியைக்கு வந்திருந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். உங்களில் பலர் அக்காவைக் கடைசியாகப் பார்த்தது அத்தானின் இறுதிச் சடங்கிலாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு அவர் எப்படி வாழ்ந்தார் என்பது அதிகம் பேருக்குத் தெரியாது. “வயசான காலத்துல படகு வாங்கினாங்களாமே?” என்று மட்டும் சிலர் என்னிடம் கேட்டார்கள். வாங்கினார்தான். அந்தப் படகைப் பற்றிச் சொல்லாமல் அக்காவின் கடைசி ஆண்டுகளைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். அக்கா ஐந்தாம் படிவம் முடித்த ஆண்டு அப்பா காலமானார்; குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. மேலே படிக்க வேண்டும் என்ற ஆசையை அதற்குப் பிறகு அக்கா வாய்விட்டுச் சொன்னதே இல்லை. போர்ட் கிள்ளானில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் அம்மாவுக்கு வைத்தியம் நடந்தது. நானும் படித்து ஆசிரியையானேன். எனக்கு ஒரு வழி செய்த பிறகே, கிள்ளானில் பள்ளி ஆசிரியராக இருந்த அத்தானை மணந்துகொண்டார். ஒரே மகன். இப்போது பெர்த்தில் குடும்பத்தோடு இருக்கிறான்.

ஓய்வு பெறும்வரை அக்காவுக்கு அதே அலுவலகம்தான். எந்தக் கப்பல் எப்போது வருகிறது, அடுத்து எந்த ஊருக்குப் போகிறது என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்வார். ஆனால் ஒருமுறைகூடக் கப்பலில் ஏறியதில்லை. அலுவலக ஜன்னலும் துறைமுகத்தைப் பார்த்தபடி இல்லை. எதிரே லோரிகள் நிற்கும் இடம்தான் தெரியும்.

ஒரு நாள் காலையில் பசியாறிவிட்டுக் கை கழுவ எழுந்த அத்தான் அப்படியே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார்கள். “நேத்து வரைக்கும் நல்லாதானே இருந்தாரு, ஏன் இப்படி ஆச்சு?” என்று வந்தவர்களிடமெல்லாம் அக்கா கேட்டார். விதி என்றார்கள், வயது என்றார்கள். அக்கா கேட்டது அதை அல்ல. சில வாரங்களில் அவர் கேட்பதையும் நிறுத்திக்கொண்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் படகை வாங்கிவிட்டார். சீனப் பெரியவர் ஒருவர் மகளோடு இருக்கப் பினாங்குக்குப் போகும்போது விற்ற பழைய ஃபைபர் படகு அது. நடுவில் ஸ்டியரிங், பின்னால் தொங்கும் இஞ்சின், நான்கு பேர் உட்காரலாம். கிள்ளான் ஆற்றங்கரையில் மீனவர்கள் தங்கள் படகுகளைக் கட்டி வைக்கும் ஜெட்டி என்ற சின்னப் படகுத்துறையில் அதுவும் கட்டப்பட்டிருந்தது. பக்கத்துப் படகுக்காரர் பாக் மான் என்ற மலாய் மீனவர், அக்காவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். மகன் பெர்த்திலிருந்து கூப்பிட்டு, “உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்று கேட்டானாம். “சும்மாதான்பா” என்றாராம் அக்கா. எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

படகின் இஞ்சினில் ஒரு கோளாறு இருந்தது. ஜெட்டியில் கட்டியிருக்கும்போது ஒரே இழுப்பில் கிளம்பும். மெதுவாகப் போனால் அழகாக ஓடும். ஆற்றின் நடுவில் வேகம் கொடுத்தால் கொஞ்ச தூரத்தில் திணறி நின்றுவிடும். சற்றுப் பொறுத்தால் மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். விற்ற பெரியவரைக் கேட்டதற்கு, தான் வேகமாகப் போனதே இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஜெட்டிக்கு எதிரே இஞ்சின் கடை வைத்திருக்கும் ஆ செங் முதலில் பிளக்குகளை மாற்றினார். சரியாகவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அப்போதும் அதே கதைதான். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று பாக் மான் சொன்னதால், தொட்டியைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றி, வடிகட்டியையும் மாற்றினார் அக்கா. இரண்டு நாள் நன்றாக ஓடுவதுபோல் இருந்தது, அவ்வளவுதான். தொட்டிக்குள் காற்றுப் போகாமல் அடைத்திருக்குமோ என்று மூடியைத் திறந்து வைத்தே ஓட்டிப் பார்த்தார். நின்றது. இஞ்சின் சூடாகிறதோ என்று பார்த்தார். குளிர்விக்கும் தண்ணீர் பின்னால் ஒழுங்காகப் பீய்ச்சிக்கொண்டுதான் இருந்தது.

நான் அத்தனையையும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் போன பிறகு நானும் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன். சாயங்காலமானால் அக்காவின் அழைப்பு வரும். “இன்னைக்கு அது இல்லன்னு தெரிஞ்சிருச்சு பாப்பா” என்று தொடங்குவார். எது இல்லை என்பது தினம் ஒன்றாக இருக்கும். அத்தான் போனதிலிருந்து அந்தக் குரலில் இல்லாத ஒரு சுறுசுறுப்பு அப்போது இருந்தது.

ஒரு நாள், “சனிக்கிழமை வர முடியுமா? இதுக்கு ரெண்டு பேரு வேணும்” என்றார்.

எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீரைக் கண்டாலே பயம். அது அக்காவுக்கும் தெரியும். இருந்தும் கேட்கிறார் என்பதால் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனேன். ஜெட்டியில் எனக்குப் பாதுகாப்பு ஜாக்கெட் மாட்டிவிட்டு, படகின் பின்பக்கம் உட்கார வைத்தார். பெட்ரோல் தொட்டியிலிருந்து இஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் இடையில் கைக்கு அடங்குகிற ஒரு ரப்பர் பந்து இருந்தது. கிளப்பும் முன் அதை அமுக்கித்தான் பெட்ரோலை இஞ்சினுக்கு ஏற்ற வேண்டும்.

“நான் முன்னால ஸ்டியரிங்ல இருப்பேன். திரும்பிப் பார்க்க முடியாது. நீ இந்தப் பந்தைப் பிடிச்சுக்கிட்டே இரு. இஞ்சின் திணறும்போது அது கெட்டியா இருக்கா, இல்ல உள்ள ஒட்டிக்குதா, அதை மட்டும் சொல்லு.”

“ஒட்டிக்கிட்டா என்ன?”

“தொட்டிக்கும் பந்துக்கும் நடுவுல எங்கயோ அடைக்குதுன்னு அர்த்தம். இஞ்சின் இழுக்குது, பெட்ரோல் வரல.”

ஆற்று முகத்துவாரம் தெரியும் இடத்தில் அக்கா வேகம் கொடுத்தார். படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. நான் ஒரு கையால் விளிம்பையும் மறு கையால் பந்தையும் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இஞ்சினின் சத்தம் மாறியது. என் உள்ளங்கையில் இருந்த பந்து மெல்ல மெலிந்து, இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு, காய்ந்த எலுமிச்சம்பழம் போல ஆகிவிட்டது.

“அக்கா, ஒட்டிக்கிச்சு” என்றேன். இஞ்சின் நின்ற அமைதியில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அக்கா பின்னால் வந்து பந்தைத் தொட்டுப் பார்த்தார். “அப்போ குழாய்தான்” என்றார். வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று ஆ செங் சொன்ன குழாய் அது. அக்கா புதுக் குழாய் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்.

நீர் வற்றும் நேரம். படகு தன்பாட்டுக்குக் கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அக்கா நங்கூரத்தை இறக்கினார். அது சேற்றில் இழுபட்டுக்கொண்டே வந்தது, பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஆற்றின் மேல்பக்கமிருந்து ஓர் இழுவைப் படகு மணல் ஏற்றிய பெரிய மிதவையை இழுத்துக்கொண்டு வந்தது. அந்த மாதிரி பாரத்தை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஹார்ன் அடித்தார்கள். நான் அம்மா என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா கயிற்றை இன்னும் விட்டுக்கொண்டே போனார். கடைசியில் நங்கூரம் பிடித்து, ஒரு வெட்டு வெட்டிப் படகு நின்றது. மிதவை எங்களைத் தாண்டிப் போகும்போது கண்ணைத் திறந்தேன்; அதன் மேல் நின்ற ஆளின் சட்டைப் பொத்தான் தெரிந்தது.

“பெட்ரோல் சிந்தாம இந்த முனையைத் தூக்கிப் பிடி” என்றார் அக்கா, எதுவும் நடக்காததுபோல. பழைய குழாயைக் கழற்றி, புதியதை மாட்டி, கிளிப்பை முடுக்கினார். பந்து கல்லுபோல ஆகும்வரை என்னையே அமுக்கச் சொன்னார். இஞ்சின் கிளம்பியது. முகத்துவாரம் வரை போய்த் திரும்பினோம். நிற்கவே இல்லை.

ஜெட்டியில் அக்கா பழைய குழாயை நீளவாக்கில் கீறிக் காட்டினார். உள்தோல் பெட்ரோலில் ஊறி உரிந்து, நாக்குபோல் மடிந்து கிடந்தது. மெதுவாகப் போனால் விலகி வழிவிடும். வேகமாக இழுத்தால் வந்து அடைத்துக்கொள்ளும். பாக் மான், ஆ செங், மற்ற படகுக்காரர்கள் எல்லாரும் கூடி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். “ஆன்டி, இனிமே நீங்களே கடை போடலாம் லா” என்று ஆ செங் மலாயில் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அக்காவை அவ்வளவு பேர் நடுவில் நான் பார்த்தது அன்றுதான் கடைசி.

அதன் பிறகு அழைப்புகள் குறைந்தன. நானே ஒரு நாள் கூப்பிட்டு, “படகு எப்படிக்கா?” என்றேன்.

“ஓடுது. நல்லாதான் ஓடுது.”

“அப்போ சந்தோஷந்தானே?”

“முன்னாடியெல்லாம் ஜெட்டியில போய் நின்னா நாலு பேரு வருவாங்க பாப்பா. ஒருத்தர் பிளக்கைப் பாருங்கம்பாரு, ஒருத்தர் தே தாரே டீ வாங்கிக்கிட்டு வந்து குடுப்பாரு. இப்போ போறேன், கயிறை அவுக்கிறேன், போயிட்டு வரேன். யாருக்கும் என்கிட்ட பேச ஒண்ணும் இல்ல.”

“நான் வரட்டுமா?”

“வா.”

முடிந்த சனிக்கிழமைகளில் போனேன். முகத்துவாரத்தில் அக்காவே இஞ்சினை நிறுத்துவார். தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நிற்கும். ஒரு முறை, கேட்காமலே சொன்னார்: “அவரு போனப்போ எல்லாரும் என்னென்னவோ சொன்னாங்க. இந்த இஞ்சின் அப்படி இல்ல. நின்னுச்சுன்னா ஒரு காரணம் இருக்கு, தேடுனா கிடைக்குது. அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.” அத்தானைப் பற்றி அவர் என்னிடம் பேசியது அந்த ஒரு முறைதான்.

சென்ற ஆண்டு இறுதியில் அக்காவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. இதயம் பலமிழந்துவிட்டது என்றார்கள். மருத்துவமனையில் இளம் டாக்டரிடம், “இந்த டெஸ்ட்டுல என்ன இல்லன்னு தெரிஞ்சுது?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவரும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, “சரி, புரியுது” என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் கலங்கி நான் பார்க்கவில்லை. மகன் வந்து சேர்ந்தான். நாங்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, ஒரு காலை வேளையில் அமைதியாக அடங்கினார்.

அந்த டாக்டருக்கும் தாதியர்களுக்கும் எங்கள் நன்றி. அக்காவை முதல் நாள் மருத்துவமனைக்குக் காரில் கொண்டுபோன பக்கத்து வீட்டுத் திருமதி லிம் அவர்களுக்கும், இறுதிச் சடங்கன்று கடையை மூடிவிட்டு வந்த ஆ செங் அவர்களுக்கும், அஸ்தியைக் கரைக்கத் தம் படகில் எங்களை ஏற்றிச் சென்ற பாக் மான் அவர்களுக்கும், கிரியைகளை நடத்திக்கொடுத்த ஐயாவுக்கும், தொலைவிலிருந்து வந்த உங்கள் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்புகிறேன்.

இதைக் கிள்ளானில் அக்காவின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். துணிமணிகளைக் கொடுத்தாயிற்று, அலமாரிகளைத் துடைத்தாயிற்று, மகன் சொன்னபடி வீட்டுச் சாவியை ஏஜென்டிடம் தர வேண்டியதுதான் பாக்கி. அச்சகத்துக்காரர் கட்டுரையைக் கேட்டு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதைக் கொடுத்துவிட்டால், அக்காவுக்காக நான் செய்ய வேண்டிய வேலை வேறு எதுவும் இல்லை.