நீதிபதி வீட்டுக்கு நான் காட்டிய வழி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு மே மாதம். அப்போது நான் திருநெல்வேலி தச்சநல்லூரில் ஓர் அரிசி மில்லில் மூடை தூக்கிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பு பம்பாயில் ஓட்டல் வேலை, கேரளாவில் ரப்பர் தோட்டம், லாரியில் கிளீனர் என்று எதிலும் ஒரு வருடம் நிலைத்ததில்லை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. ஆனாலும் நாலு ஊர் பார்த்தவன், பேப்பர் வாசிக்கிறவன் என்பதால் மில்லில் பலரும் என்னிடம் யோசனை கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

என்னோடு மூடை தூக்கியவர்களில் ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். மணிமுத்தாறு கால்வாய்ப் பாசனத்தில் அவருக்கு எண்பது சென்ட் குத்தகை வயல். அணை கட்டித் தண்ணீர் வந்த காலத்தில் அவருடைய அப்பா கல் பொறுக்கி, மேடு வெட்டி வயலாக்கியது. நிலத்துக்காரரின் வாரிசுகள் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்கள். இங்குள்ள இரண்டு கோர்ட்டிலும் அண்ணாச்சி ஜெயித்தார். அவர்கள் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். அங்கே வழக்கு பல வருடம் கிடந்தது. வயலை மனைவியிடம் விட்டுவிட்டு இவர் மில்லுக்கு வந்தவர்.

அந்த ஏப்ரலில் வழக்கு விசாரணைக்கு வந்தது. கேட்டவர் எங்கள் ஜில்லாவில் பிறந்த நீதிபதி. குத்தகைக்காரர்களுக்கு அவர் எழுதிய தீர்ப்புகளை இங்குள்ள வக்கீல்கள் வரி வரியாகச் சொல்வார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில்கூட, வக்கீல்கள் சாப்பிடும் பந்தியில் உட்கார மாட்டார் என்று பேர். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, குத்தகை கொடுத்ததற்கு ரசீது எங்கே என்றாராம். "வாங்கினவர் கொடுத்திருந்தால்தானே இருக்கும்?" என்று நீதிபதி திருப்பிக் கேட்டாராம். மீதியைக் கோடை விடுமுறைக்குப் பிறகு கேட்பதாகச் சொல்லி வழக்கைத் தள்ளி வைத்தார்.

இங்கே அண்ணாச்சியின் வழக்கைப் பார்த்த எங்கள் ஊர் வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "இனி நீரு ஒண்ணும் செய்ய வேண்டாம் வே. பேசாம இரும், அது போதும்" என்று அண்ணாச்சியிடம் சொல்லி அனுப்பினார்.

பேசாமல் இருக்க விடாதவன் நான்.

விடுமுறைக்கு நீதிபதி சேரன்மகாதேவி பக்கம், ஆற்றை ஒட்டிய ஊரில் இருந்த பூர்வீக வீட்டுக்கு வந்திருந்தார். அந்த வீட்டிலிருந்து எங்கள் மில்லுக்கு ஐந்து மூடை பழைய அரிசி கேட்டு ஆள் வந்தது. லோடோடு போகிற முறை எனக்கும் அண்ணாச்சிக்கும்.

"நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருவோம் அண்ணாச்சி" என்றேன்.

"வக்கீல் பேசாம இருக்கச் சொல்லியிருக்காருல்லாலே."

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நாமளே போய்ப் பாத்துட்டா அவருக்கு என்ன மதிப்பு?"

"நீதிபதி கோவிச்சுக்கிட்டாருன்னா?"

"நல்ல மனுஷன் நல்ல மனுஷன்னு நீங்கதான சொல்லுதிய. நல்ல மனுஷன் எதுக்குக் கோவப்படுவாரு?"

அண்ணாச்சியும் சரி என்றார். பெரியவர்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு போவது எங்கள் பக்கத்தில் மரியாதைக் குறைவு. அண்ணாச்சியின் மனைவிக்குச் சாத்தான்குளம் பக்கத்து ஊர். அங்கிருந்து வந்திருந்த கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் அடுக்கி அண்ணாச்சி எடுத்துக்கொண்டார்.

நீதிபதி உயரமான, மெலிந்த மனிதர். வேட்டியும் பனியனுமாகப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். மூடைகளை இறக்கி முடித்ததும் அவரே உள்ளே போய்ச் செம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு நாளைக்கு எத்தனை மூடை தூக்குவோம், முதுகு வலிக்கு என்ன தேய்ப்போம் என்றெல்லாம் கேட்டார். அதுவரை எந்தப் பெரிய மனிதரும் என் முதுகைப் பற்றி விசாரித்ததில்லை.

அண்ணாச்சி பெட்டியைப் பைய நகர்த்தி நாற்காலிப் பக்கம் வைத்தார். "வீட்ல சாத்தாங்குளம் பக்கம்யா. அவ ஊருக் கருப்பட்டி."

"எதுக்கு வே இதெல்லாம்? அரிசி கொண்டுதானே வந்திய?" என்று சிரித்தார்.

"எங்க கேஸு ஒண்ணு ஐயாகிட்ட..."

அவர் முகம் சட்டென்று மாறியது. கையை உயர்த்தினார். "எந்தக் கேஸுன்னு சொல்லாதீங்க. எங்கிட்ட சொல்லவே கூடாது. இப்படியே கிளம்பிருங்க."

அண்ணாச்சி நிறுத்திவிட்டார். அதோடு திரும்பியிருந்தால் அவருடைய வயல் அவரிடமே இருந்திருக்கும் என்று இன்றும் நம்புகிறேன். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடுவதா என்று நான்தான் முந்திக்கொண்டேன். மனப்பாடம் செய்து வைத்திருந்த வழக்கு நம்பரையும் ஊர்ப் பெயரையும் கடகடவென்று சொன்னேன். "ரசீதைப் பத்தி ஐயா கேட்டீங்களே, அந்தக் கேஸு."

நீதிபதி கண்ணை மூடிக்கொண்டார். "சொல்லிட்டியேப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. "பெட்டியை எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டார்.

திரும்பும் வழியில் டீ குடித்தோம். "சத்தம் போடலேல்லா?" என்று அண்ணாச்சி என்னிடம் இரண்டு முறை கேட்டார். "மோரு குடுத்த மனுஷன் அண்ணாச்சி. கண்ணை மூடி நம்பரை மனசுல பதிச்சுக்கிட்டாரு, பாத்தியல்லா?" என்றேன். அவர் சிரித்தார். அன்றைக்கு டீக்கு அவர்தான் காசு கொடுத்தார், என்னைக் கொடுக்க விடவில்லை.

ஜூனில் வக்கீல் ஆள் விட்டுக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். வழக்கில் சம்பந்தப்பட்ட ஒருவர் தன்னை வீட்டில் வந்து பார்த்தார், இனி தான் இதைக் கேட்பது முறையல்ல என்று நீதிபதி கோர்ட்டிலேயே சொல்லி விலகிக்கொண்டாராம். வழக்கு வேறு நீதிபதிக்குப் போய்விட்டது. கேட்ட விசாரணை எல்லாம் வீண். முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"எவன் வே உம்மை அங்கன போகச் சொன்னது?" என்று வக்கீல் கத்தினார்.

நான் தலையைக் குனிந்தேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. "நாந்தான்யா, புத்தி கெட்டுப் போய்ப் போனேன்" என்றார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

புதிய நீதிபதி ரசீது கேட்டார். அண்ணாச்சியிடம் இல்லை. அடுத்த வருடம் தீர்ப்பு எதிராக வந்தது. அதற்கு மேல் டெல்லிக்குப் போக அவருக்கு யாரும் இல்லை. வயலை ஒப்படைக்கும் நாளில் நான் போயிருந்தேன். வாழை குலை தள்ளியிருந்தது. கோர்ட் அமீனா வரப்பில் நின்று காகிதத்தை வாசித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சியின் மனைவி என்னிடம் வந்தார்.

"நாலு ஊரு சுத்துனவன்னு உன்னை நம்புனாரு. நீ இன்னும் நாலு ஊரு சுத்து. எங்க பக்கம் வராத" என்றார். அவ்வளவுதான். அவர்கள் சாத்தான்குளம் பக்கம் போய்விட்டார்கள். நான் அந்தப் பக்கம் போனதில்லை.

அந்த நீதிபதி ஓய்வு பெற்றார். தொண்ணூறுகள் முடிவதற்குள் காலமானார். திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் அவருக்குப் படத்திறப்பு நடந்தது. நான் அப்போது பந்தல்காரர் ஒருவரிடம் இருந்தேன். நாற்காலி போட்டுவிட்டு ஓரமாக நின்றேன். ஒரு பெரிய வக்கீல் பேசினார். ஏழைகளுக்காக அவர் எழுதிய தீர்ப்புகளைச் சொன்னார். பிறகு, "ஒருமுறை ஒரு கட்சிக்காரர் கருப்பட்டிப் பெட்டியோடு அவர் வீட்டுக்கே போய்விட்டார். அந்த வழக்கையே தொடாமல் ஒதுங்கிய மாமனிதர் அவர்" என்றார். மண்டபமே கைதட்டியது.

கூட்டம் கலைந்ததும் அந்த வக்கீலிடம் போனேன்.

"சார், அந்த ஆளு கேஸு என்னாச்சு?"

"எந்த ஆளு?"

"கருப்பட்டி கொண்டு போன ஆளு."

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "அது தெரியலையேப்பா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அந்த நீதிபதி நேர்மையானவர் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அவர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்குப் படிப்பும் போதாது. ஆனால் அவருடைய நேர்மையைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும், அதற்கு விலையாகப் போனது ஒரு மூடை தூக்குகிறவரின் எண்பது சென்ட் வயல் என்பதும், அதைப் போக வைத்தவன் நான் என்பதும், அதைச் சொல்ல வேண்டிய இரண்டு இடங்களிலும், வக்கீல் முன்னாலும் அந்த மண்டபத்திலும், நான் சொல்லவில்லை என்பதும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன.