ஒரே ஓர் ஆண் பூச்சி

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் எல்லோருக்கும் அவள் பூச்சியக்கா. அப்படிக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். அவள் கையாண்டது கேடிஸ் பூச்சிகளை. மலை ஓடைகளில் மணல் துகள்களை ஒட்டவைத்துக் கூடு கட்டிப் புழுவாக வளர்ந்து, பிறகு சாம்பல் நிறச் சிறகோடு விளக்கைத் தேடி வருபவை. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. ஆணின் வால் நுனி உறுப்புகளை வைத்துத்தான் இனம் பிரிக்க முடியும்.

“ஆம்பளைங்க பின்பக்கத்தைப் பாத்தே சம்பளம் வாங்குற பொம்பளை என் பொண்டாட்டி ஒருத்திதான்” என்பார் கணவர். லாரி ஓட்டியவர். பக்கவாதத்தில் ஒரு கை, ஒரு கால் போன பிறகும் வாய்க்குக் குறைவில்லை.

பிறர் கண்டுபிடித்த இனங்களுக்குப் படம் வரைந்தே அவள் காலம் போயிருந்தது. அணை நீரில் மூழ்குவதற்கு முன் ஓர் ஓடையில் பிடித்து வந்த பூச்சிகளில் பெண்கள் நிறைய, ஆண் ஒன்றே ஒன்று. அது தெரிந்த எந்த இனத்தோடும் ஒத்துப்போகவில்லை.

“புது இனம்தான். இதைப் பத்தின கட்டுரையை நீங்களே எழுதுங்கம்மா. உங்க பேர்ல வரட்டும்” என்றார் பிரிவுத் தலைவர்.

வால் நுனியை வெட்டிக் காஸ்டிக் கரைசலில் இளஞ்சூட்டில் வைத்தால் சதை கரைந்து, ஓடு கண்ணாடிபோலத் தெளியும். பால் காய்ச்சுவதுபோல, பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவள் அந்த ஆணின் வால் நுனி கிடந்த கிண்ணத்தைச் சூட்டுத்தட்டில் வைத்தபோது போன் அடித்தது. அடுத்த வீட்டுக்காரி.

“அக்கா, அண்ணன் பாத்ரூம்ல விழுந்துட்டாரு. தலையில ரத்தம். சீக்கிரம் வாங்க.”

பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஒரு கிண்ணத்தில் ஊசியைப் போட்ட சத்தத்தில்தான் சூட்டுத்தட்டு ஞாபகம் வந்தது. பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். பிரிவுக்குப் போன் போட்டாள். பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள்; எடுக்க ஆள் இல்லை.

காலையில் கரைசல் வற்றி, கிண்ணத்தில் வெள்ளைப் பொருக்கு. நீர் விட்டு ஊறவைத்து ஊசியால் தொட்டாள். சிம்பு சிம்பாகப் பிரிந்தது.

“வெட்டுறதுக்கு முன்னாடி பாத்தீங்கல்ல? வரைய முடியாதா?” என்றார் தலைவர்.

“வெளியே தெரிஞ்சதை வரையலாம் சார். உள்ளே இருந்ததை நானா போடணும்.”

“போடுங்களேன். யாரு வந்து சரிபாக்கப் போறா? ஓடையே இல்ல.”

“அதனாலதான் சார் முடியாது.”

“உங்க இஷ்டம். இனி இந்த மாதிரி ஒண்ணு உங்க கைக்கு வரும்னு நான் சொல்ல மாட்டேன்.”

பெண் பூச்சிகள் இருந்த குப்பியில் ‘இனம் தெரியவில்லை’ என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்தாள்.

வீட்டில் கணவர் தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். “என்ன ஆச்சு உன் ஆம்பளை?”

“போச்சு.”

“என்னாலயா?”

“சூட்டை அணைக்காம வந்தது நான்.”

ஆனாலும் அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கட்டைத் தடவிக்கொண்டார்.

“அடுத்த தடவை விழுந்தா உன்னைக் கூப்பிட வேணாம்னு பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட சொல்லிடறேன்.”

“பேசாம நல்ல கையைத் தூக்குங்க” என்று அவர் சட்டையைக் கழற்றினாள்.