பாவில் விழுந்த மழை

குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆடு வளர்த்து, அதன் மயிரில் கம்பளி நெய்கிற சனம் நாங்கள். நூற்பது பெண்கள் வேலை, நெய்வது ஆண்கள் வேலை. நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ராட்டையில் உட்கார்ந்தவள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் இன்றைக்கும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதென்றால் பரவாயில்லை, யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

எங்களில் மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் கறுப்புக் கம்பளியின் மேல்தான் உட்கார வேண்டும். அந்த நூலைக் கல்யாணப் பெண்ணே நூற்க வேண்டும். மற்றக் கம்பளிகளை நெய்து முடித்ததும் தண்ணீரில் போட்டு மிதிப்போம். மயிர் ஒன்றையொன்று கவ்விக் கெட்டிப்படும், முரடும் குறையும். மணவறைக் கம்பளியை மட்டும் தாலி ஏறும்வரை நனைக்கக் கூடாது. நனைந்ததில் உட்கார்ந்தால் குடித்தனம் கண்ணீராகப் போகும் என்பார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் கம்பளியைத் துவைத்துவிட்டார்கள் என்று தெரிந்து, மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். அந்த அக்காவுக்கு அப்புறம் வெகுநாள் யாரும் பெண் கேட்டு வரவில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து எனக்குப் பேசி முடித்தார்கள். மாப்பிள்ளை இலுப்பூர்ப் பக்கம், என்னைப் பெற்ற அய்யாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி மகன். கார்த்திகையில் கல்யாணம். நான் நூற்று முடிக்கவே ஐப்பசி பிறந்துவிட்டது.

தறியில் ஏற்றுமுன் நீளநூலை வெளியில் முளையடித்து இழுத்துக் கட்டி, புளியங்கொட்டைக் கஞ்சி பூசிக் காயவைக்க வேண்டும். அதைத்தான் பாவு என்போம். ஒரு முழு வெயில் வேண்டும். ஐப்பசியில் வெயிலை யாரிடம் கேட்பது? ஒருநாள் காலையில் வானம் வெளுத்திருந்தது. அய்யா பூசச் சொன்னார். ஆத்தா ஒருபக்கமும் நான் ஒருபக்கமுமாகப் பூசிக்கொண்டே போனோம். கையில் கஞ்சி, கண் வானத்தில்.

உச்சிப்பொழுதுக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முளையைப் பிடுங்குவதற்குள் மழை இறங்கிவிட்டது. சாக்கு, வைக்கோல், ஆத்தாவின் மாற்றுச்சேலை என்று அகப்பட்டதையெல்லாம் போட்டு மூடினோம். பெரிய மழை இல்லை. ஆனாலும் ஒரு தலைப்பில் கஞ்சி கரைந்து ஒழுகி, இழைகள் சடைசடையாக ஒட்டிக்கொண்டன. மறுபடி நூற்கக் கையில் மயிரும் இல்லை, நாளும் இல்லை. எனக்கு அந்தத் தெரு அக்காவின் முகமே முன்னால் வந்து நின்றது.

மறுநாள் வெயிலில் நானும் ஆத்தாவும் ஒட்டின இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் அயித்தை வந்து நின்றார், மாப்பிள்ளையின் தாயார். இலுப்பூரிலும் மழை பெய்திருக்கிறது. இந்த வாரம் பாவு போடுவோம் என்று முன்பே சேதி போயிருந்ததால், பார்க்கவே வந்திருக்கிறார். ஆத்தா எழுந்தவர், தண்ணீர் கொடுக்கக்கூட மறந்து போனார்.

அயித்தை குனிந்து இழையைத் தடவினார். பிறகு ஆத்தாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏத்தா, நீ சொல்லு. தண்ணி பட்டுச்சா?”

இல்லையென்று சொல்லவும் பயம், ஆமென்று சொல்லவும் பயம். ஆமென்று தலையை மட்டும் ஆட்டினேன். ஆத்தா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

அயித்தை பாவின் ஒரு தலைப்பிலிருந்து மறுதலைப்புவரை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

“ஏன் மதினி,” என்றார் ஆத்தாவிடம், “கஞ்சி காச்சயில தண்ணி ஊத்துனீகளா, எண்ணெய் ஊத்துனீகளா?”

“தண்ணிதான்,” என்றார் ஆத்தா, ஒன்றும் விளங்காமல்.

“அப்ப முந்தியே நனைஞ்சதுதான? நெய்ஞ்ச துணிய முக்கி மிதிச்சாத்தான் குத்தம். நூலு நனைஞ்சதுக்கெல்லாம் எந்திரிச்சுப் போனா, எம் மகன் கட்டாந்தரையிலதான் ஒக்காரணும்.”

அயித்தை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் குந்தி, அவரும் பிரிக்க ஆரம்பித்தார். ஊருக்குப் போனதும் மனசு மாறிவிடுவாரோ, அவர் வீட்டு மாமா என்ன சொல்வாரோ என்று எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“கையி ஏன் இந்த ஆட்டம் ஆடுது? மெதுவாப் புடி, அந்துரப்போகுது,” என்றார்.

அறுந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் இழுத்த இழையின் மறுமுனையைப் பிடித்தேன்.